அண்ணி வீட்டு அலமாரிக் கதவுகள்

கட்டினவனின் அடி தாங்காமல் தங்கச்சி ஒற்றைப் பையோடு வந்து நின்ற இடம் அண்ணன் வீடு. வேறு போக்கிடம் கிடையாது. மூன்றாம் நாளே அண்ணி பேச்சை ஆரம்பித்துவிட்டாள்.

“சும்மா உட்கார்ந்திருந்தா உனக்கும் மனசு பாரமாத்தான் இருக்கும். சமையலறை அலமாரியெல்லாம் அழுக்கேறிக் கெடக்கு. தேய்ச்சு வார்னிஷ் அடிச்சுக் குடு. நல்லா வந்துச்சுன்னா பின்னறையை நீயே வச்சுக்க. என்னங்க, சரிதானே?”

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் “ம்” என்றான்.

அந்த ஒரு ‘ம்’மை நம்பி வேலையில் இறங்கினாள், பாவி மகள். பதினாலு கதவையும் கழற்றி, பின்பக்கம் சாக்பீஸால் எண் போட்டாள். எண்ணெய்ப் பிசுக்கு சோப்புத் தண்ணீருக்கு லேசில் மசியவில்லை. அப்புறம் உப்புத்தாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து எரிந்தது. இருந்தும் வாயெல்லாம் பல்தான். அறை கிடைக்கப் போகிறதே!

சாயங்காலமானால் அண்ணி வந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பாள்.

“அடுப்புக்கு மேல இருக்கிற கதவுல இன்னும் கறை தெரியுது பாரு. நல்லா அழுத்தித் தேய். முரட்டுத் தாளா வாங்கித் தரேன்.”

வாங்கியும் தந்தாள், மகராசி.

ஒன்பதாம் நாள் தேய்த்துக்கொண்டிருந்த கதவின் நிறம் மாறியது. மரம் போய், அழுத்தி ஒட்டிய மரத்தூள் எட்டிப் பார்த்தது. ஓடிப்போய் மற்றதைப் பார்த்தால் இன்னும் ஐந்து கதவில் அதே கதி. மேலே ஒட்டியிருந்தது காகித கனத்தில் ஒரு மரத்தோல், அவ்வளவுதான். உள்ளே எல்லாம் தூள் பலகை.

“ஐயையோ, குடியைக் கெடுத்துட்டாளே!” அண்ணி போட்ட கூச்சலில் அண்ணன் ஓடிவந்தான். “ரெண்டு வருஷமா புது அலமாரி கேட்டேன், இருக்கிறதே போதும்னீங்க. இப்ப செஞ்சுதானே ஆகணும்? இவ கை வச்ச எது உருப்பட்டிருக்கு? முதல்ல இவளை அவ புருஷன்கிட்ட அனுப்பி வைங்க.”

தங்கச்சி அழுதாள். அண்ணி காலில்கூட விழுந்தாள். ஒன்றும் எடுபடவில்லை.

மறுநாள் புது அலமாரிக்கு அளவெடுக்கத் தச்சர் வந்தார். ஒரு கதவைத் தூக்கிப் பார்த்ததுமே உச்சுக் கொட்டினார்.

“என்னம்மா இது? போன மாசமே உங்ககிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! இதுக்கு முரட்டுத் தாள் போடவே கூடாது, மேல்தோல் போயிடும்னு?”

அண்ணி சட்டென்று அந்தக் கதவைப் பிடுங்கிச் சுவரோரம் சாய்த்தாள். தங்கச்சி பக்கத்தில் நின்ற அண்ணனைப் பார்த்தாள். தச்சர் சொன்னது அவன் காதில் விழுந்துவிட்டது, நன்றாகவே விழுந்துவிட்டது. இனிமேலாவது தனக்காக ஒரு வார்த்தை பேசுவான் என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “புதுசு போட எத்தனை நாளாகும்?” என்று தச்சரைக் கேட்டான். பிறகு தங்கச்சி பக்கம் திரும்பினான், முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

“மாப்பிள்ளைக்குப் போன் பண்ணிட்டேம்மா. பஸ் ஸ்டாண்டுக்கே வந்துடறாராம்.”