நாற்பத்தேழாம் பக்கம்

இரண்டு கையாலும் மாலையைத் தூக்கி வாசலைப் பார்த்து வீசினாள் சுஜாதா. ஆளுயர ரோஜா மாலை. ஃப்ரீசர் பெட்டிக் கண்ணாடி மேல் கிடந்த அது, ஷாமியானாக் கம்பத்தில் பட்டு சாக்கடையோரம் பொத்தென்று விழுந்தது. பறையடித்தவர்கள் கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணி! இன்னா பண்றீங்க நீங்க?" கொழுந்தன் தீனதயாளன் ஓடி வந்தான். "துக்கத்துக்கு வந்தவங்க போட்டது அது."

"யாரு போட்டதுன்னு பாத்தியா? ரிப்பன்ல லேப் பேரு கீது பாரு. உசுரோட இருந்தப்ப ஒரு ஃபில்டர் மாத்தித் தர வக்கில்ல. செத்தப்புறம் ரோஜாவா? ரோஜா ஒண்ணுதான் கொறச்சல் அவருக்கு!"

"மெதுவா பேசுங்க. மேனேஜர் வெளியதான் நின்னுகினு கீறாரு."

"அந்த ஆளு கேக்கட்டும்னுதான் பேசறேன்."

கேட்கத்தான் செய்தது. லேப் மேனேஜர் கிருஷ்ணபிரசாத் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான். காது மட்டும் இங்கே இருந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. சாவுக்கென்றே தனியாக ஒரு சட்டை வைத்திருப்பான் போல.

பெட்டிக்குள் செங்கல்வராயன் படுத்திருந்தார். மூக்கில் பஞ்சு, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. ஐம்பத்தெட்டு வயது. பிள்ளை குட்டி இல்லை. முப்பது வருஷமாக ஒரே வேலை. தண்ணீரைத் தீயில் தூவி, அதில் என்ன கலந்திருக்கிறது என்று வெளிச்சத்தை வைத்துக் கண்டுபிடிக்கிற கெமிஸ்ட். ஸ்பெக்ட்ராஸ்கோபி என்று அதற்குப் பேர். கல்யாணமான புதிதில் ஒரு நாள் சோறு பொங்கி வழிந்து, அடுப்பின் நீலத் தீ மஞ்சளாக மாறியது. இவள் பிடிதுணியைத் தேடி அலைய, மனுஷன் அடுப்புக்கு எதிரே குனிந்து நின்றுகொண்டு, "பாரு சுஜா, உப்பு வந்து ஆஜர் சொல்லுது" என்றார். ஒவ்வொரு உலோகத்துக்கும் தனக்கென்று ஒரு வெளிச்சம் உண்டாம். அது பொய்யே சொல்லாதாம். சோறு குழைந்து போனதைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை.

நேற்றுக் காலை திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டில், சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். கடலோரம் நல்லாண்டகுப்பத்துக்குப் போய்விட்டு, செங்கல்பட்டு பஸ்ஸுக்குக் காத்திருந்திருக்கிறார். தோளில் பை. பைக்குள் ஆறு பாட்டிலில் அந்த ஊர்த் தண்ணீர். ஓடி வந்த சனங்கள் அந்த பாட்டிலையே திறந்து முகத்தில் தெளித்து வாயிலும் ஊற்றியிருக்கிறார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று நிரூபிக்கத்தானே அந்த ஆள் லீவு நாளெல்லாம் அலைந்தார்!

விஷயம் ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஊர்த் தண்ணீரை மெஷினில் வைப்பதற்கு முன்னால், ஒன்றுமே கலக்காத சுத்தத் தண்ணீரை வைத்து, அது காட்டுகிற எண்ணை ஜீரோ என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் பிளாங்க். எண்ணெய்க் கடையில் காலித் தூக்கை முதலில் எடை போட்டுக் கழிக்கிற மாதிரி. காலித் தூக்கில் ஏற்கெனவே பாதி எண்ணெய் இருந்தால்? அதுதான் நடந்தது. லேப்பும் நல்லாண்டகுப்பமும் மாமல்லபுரம் பக்கம் ஒரே ரோட்டில் அடுத்தடுத்து இருக்கின்றன. சவுக்குத் தோப்புக்குப் பின்னால் முலாம் பூசுகிற பட்டறை விட்ட கழிவு இரண்டு இடத்து போர்வெல் தண்ணீரிலும் ஒன்றாகத்தான் இறங்கியது. லேப்பில் போர்த் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற ஃபில்டர் எப்போதோ செத்துப் போயிருந்தது. அந்தத் தண்ணீரையே வைத்து ஜீரோ பட்டனை அமுக்கினார் செங்கல்வராயன். எண் கொஞ்சம் ஏறி நிற்பதைப் பார்க்காமல் இல்லை. மெஷின் விளக்குக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் ஊர்த் தண்ணீரை வைத்தால் மெஷின் நல்ல பிள்ளையாக ஜீரோ காட்டியது. இப்படியே நாலு வருஷம். நாலு வருஷமும் 'குடிக்க உகந்தது' என்று கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாசத்துக்கு முன்பு, கடையில் வாங்கின தண்ணீர் பாட்டிலைச் சும்மா ஒரு தடவை வைத்துப் பார்த்திருக்கிறார். எண் ஜீரோவுக்கும் கீழே போனது. ஒன்றுமில்லாததற்கும் கீழே எப்படிப் போகும்? அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

லேப் நோட்டில் நாற்பத்தேழாம் பக்கத்தில் எழுதியும் வைத்தார். 'பிளாங்க் தண்ணீரில் குரோமியம். நான் கவனிக்காமல் விட்டேன். நல்லாண்டகுப்பம் ரிப்போர்ட் நான்கு வருடமும் தவறு. பொறுப்பு என்னுடையது.' கீழே கையெழுத்து, தேதி.

அந்தப் பக்கத்தைக் காட்டினபோது சுஜாதா தலையிலடித்துக்கொண்டாள். "ஃபில்டர் மாத்துங்கன்னு மேனேஜர் கிட்ட மூணு வாட்டி கேட்டீங்களே, அத்த எங்க எழுதினீங்க?"

"மெஷின்ல பாத்ததத்தான் நோட்டுல எழுதணும் சுஜா. ஆளு மேல பிராது எழுதற எடம் இல்ல அது."

ஐயோ, என்ன ஒரு மனுஷன்! ஊருக்காவது உடனே சொன்னாரா? அதுவும் இல்லை. வேறொரு மெஷினில் சரிபார்த்துவிட்டுச் சொல்ல வேண்டுமாம். ஒரு தடவை தப்பாகச் சொன்னவன் இரண்டாவது தடவையும் தப்பாகச் சொல்லக் கூடாதாம். "நீங்க சரி பாக்கற வரைக்கும் அவங்க குடிச்சிகினு இருப்பாங்களே!" என்று இவள் கத்தினாள். "இந்த வாரம், இந்த வாரம்" என்றே மூன்று மாசத்தை ஓட்டினார். கத்தினதோடு சரி, இவளும் நல்லாண்டகுப்பத்துக்கு ஒரு பஸ் ஏறவில்லை. புருஷன் பேர் கெட்டுவிடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து அதை நினைக்க நினைக்க யாரையாவது கடித்துக் குதற வேண்டும் போலிருந்தது.

கிருஷ்ணபிரசாத் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. சார் கிட்ட கறுப்பு அட்டை நோட்டு ஒண்ணு இருக்கும். லேப்புக்குச் சொந்தமானது. இப்ப குடுத்தீங்கன்னா நல்லது."

"யாருக்கு நல்லது?"

"சாருக்குத்தான். ஃபில்டர் விஷயம் எல்லாம் வாய்ப் பேச்சு மேடம், அதுக்கு ரெக்கார்ட் கிடையாது. நோட்டுல இருக்கறது அவர் கையெழுத்து. வெளிய போச்சுன்னா அவர் பேருதான் நாறும். எங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

"எழுந்துக்க முடியாத ஆளு முன்னாடி நின்னுகினு மெரட்டறியா நீ? வெக்கமா இல்ல? வெளிய போடா!"

போய்விட்டான். ஆனால் அவன் சொன்னது அத்தனையும் நிஜம். அதுதான் சுஜாதாவுக்குப் பொறுக்கவில்லை. நோட்டில் ஒரே ஒரு குற்றவாளிதான் இருந்தான். அவனும் தன்னைத் தானே பிடித்துக் கொடுத்தவன்.

தீனதயாளன் அவளைச் சமையலறைக்குள் கூட்டிப்போனான். கண் சிவந்திருந்தது. "அண்ணி, நான் சொல்றத கேளுங்க. அந்தாளுக்கும் குடுக்க வேணாம், நம்மளும் வெச்சிக்க வேணாம். அண்ணன் கூடவே அனுப்பிடலாம். நைனா செத்தப்ப மூக்குக் கண்ணாடியும் பொடி டப்பாவும் வெச்சி அனுப்பல? அந்த மாதிரி. நம்ம வம்சத்துலயே படிச்சி ஆளானவரு அவரு ஒருத்தருதான். நாளைக்கு ஊரு காறித் துப்பும் அண்ணி."

சுஜாதா பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்தாள்.

குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, பாடையில் கிடத்தினார்கள். அவருடைய விறைத்த கையைச் சிரமப்பட்டுத் தூக்கி நோட்டை நெஞ்சின் மேல் வைத்து, கையை அதன் மேல் அழுத்தி வைத்தாள். "படிப்புன்னா உசுரு அவருக்கு" என்று யாரோ ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். வாசலில் கிருஷ்ணபிரசாத் பெரிய மூச்சு விட்டது இங்கிருந்தே தெரிந்தது. வெட்டியான் வந்து நேரமாகிவிட்டது, எடுக்கலாம் என்றார். சுஜாதா வாய்க்கரிசி போட்டாள்.

அப்போதுதான் அந்தப் பொம்பளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்திருப்பாள் போல, மேல்மூச்சு வாங்கியது. கையில் ஒரு முழம் சாமந்தி.

"யம்மா, நீங்கதான அய்யா வூட்டம்மா? எம் பேரு வேண்டா. நல்லாண்டகுப்பம். ஊரு டேங்குக்கு மோட்டாரு போடறவ. நேத்து காத்தால கூட நான்தாம்மா அய்யாவுக்கு பாட்டில்ல தண்ணி புடிச்சிக் குடுத்தேன்." பூவைக் காலடியில் வைத்துக் கும்பிட்டாள். திரும்பியவள் தயங்கினாள். "கேக்கற நேரம் இல்ல இது. ஆனா ஒண்ணு. தண்ணியப் பத்தி ஒரு சேதி சொல்லணும் வேண்டா, அடுத்த வாரம் வந்து சொல்றேன்னாரு. மூஞ்சே சரியில்ல. பஸ்ல வரப்பலாம் எனக்கு அதே ரோசனை. உங்ககிட்ட எதுனா சொன்னாரா?"

"இப்ப இன்னாத்துக்கும்மா அதெல்லாம்? தள்ளு, தூக்கணும்" என்றான் தீனதயாளன்.

"தண்ணி நல்லா இருக்கும்மா, பயப்படாதீங்க." கிருஷ்ணபிரசாத் வாசலிலிருந்தே குரல் கொடுத்தான். "சாரே கையெழுத்து போட்ட ரிப்போர்ட் இருக்கு."

வேண்டா முகம் அப்படியே தெளிந்தது. "அப்பாடா" என்றாள்.

அந்த அப்பாடாவைத்தான் சுஜாதாவால் தாங்க முடியவில்லை. பாடை பக்கத்தில் மண்டி போட்டாள். அவர் விரல்களைத் தூக்கினாள். விறைத்துப் போயிருந்தன, எழும்பவில்லை. "விடுங்க" என்றாள் அவரிடம். "விட்டுத் தொலைங்க!" இழுத்த இழுப்பில் மேலே கிடந்த பூவெல்லாம் சிதறியது. பெண்கள் ஐயையோ என்று அலறினார்கள்.

நாற்பத்தேழாம் பக்கத்தைப் பிரித்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்தாள். பிளாங்க், குரோமியம் எல்லாம் புரியாமல் வேண்டா விழித்தாள். சுஜாதா நோட்டை மூடினாள்.

"உங்க ஊர்த் தண்ணியில விஷம் கீது. நாலு வருஷமா கீது. நல்ல தண்ணின்னு எழுதிக் குடுத்தது என் வூட்டுக்காரர். தப்பா எழுதிட்டாரு. ஃபில்டர் வாங்கித் தராதவன் அதோ நிக்கறான், வெள்ளச் சட்ட. மூணு மாசமா இது எனக்கும் தெரியும். நானும் சொல்லல."

கிருஷ்ணபிரசாத் செருப்பை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் நழுவினான். தீனதயாளன் பாடைக் கழியைப் பிடித்தபடி விம்மினான். "கொன்னுட்டீங்களே அண்ணி. செத்தவர ரெண்டாவது வாட்டி கொன்னுட்டீங்களே."

"ஆமாண்டா, கொன்னுட்டேன்! தூக்கினு போ!"

தூக்கினார்கள். பறை எழுந்தது. கொள்ளிச் சட்டி முன்னால் போக, பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு தெருமுனை வரை போனார்கள். சுஜாதா போகவில்லை. அவள் முன்னால் வேண்டா அசையாமல் நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"எனக்கு அதெல்லாம் வேணாம்" என்றாள். மரியாதையெல்லாம் போய்விட்டிருந்தது. "குடிக்கலாமா, கூடாதா? அத்த மட்டும் சொல்லு."

"கூடாது."

"காய்ச்சிக் குடிச்சா?"

"காய்ச்சினாலும் போவாது."

"தெனம் ரெண்டு வேள இந்தக் கையாலதாண்டி மோட்டாரு போட்டேன்." வேண்டா வலது கையைத் தூக்கினாள். அறையத்தான் போகிறாள் என்று சுஜாதா கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். அறை விழுந்தால் தேவலை என்றிருந்தது. கை பாதியில் நின்றது. இடுப்பிலிருந்து போனை உருவியது. பறைச் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரைப் போட்டாள்.

"சஹானா? அம்மா பேசறேன். புள்ளைக்கு இன்னும் பால்மாவு கலக்கலியே?"

"அப்பவே கலக்கிட்டேன்மா. முழு பாட்டிலும் குடிச்சிட்டான். இப்பதான் ஏணைல போட்டேன், தூங்கிட்டான். ஏம்மா, இன்னா ஆச்சி?"

வேண்டா போனை அணைக்கவில்லை. தெருமுனையில் பறைச் சத்தம் திரும்பி மறைந்தது. அந்தப் பக்கம் சஹானா அம்மா, அம்மா என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமலானாள். அதற்கப்புறம் போனுக்குள்ளிருந்து, உத்தரத்தில் ஏணைக் கயிறு உராய்கிற சத்தம் மட்டும், கிறீச், கிறீச்சென்று நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.