கூலர் ஓய்வெடுக்கும் நேரம்

சொந்தக்காரர்களுக்கு வேலை செய்யக் கூடாது என்று எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. நான் அதை மீறினேன். மீறியதும் யாருக்காக? நாத்தனாருக்காக. "வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்காத" என்று என் வீட்டுக்காரரே எச்சரித்தார். கூடப் பிறந்த அக்காவை ஓணான் என்றதை நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று பத்திரமாக வைத்திருந்தேன்.

நாத்தனாரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுக் காளான் வளர்க்கிறாள். காளான் ரொம்ப ரோஷக்காரப் பயிர். பறித்த உடனே குளிரில் வைக்காவிட்டால் குடையை விரித்து, முகம் கறுத்து, யாரும் சீந்தாத சரக்காகிவிடும். அதற்காகத்தான் இருந்ததையெல்லாம் போட்டு ஒரு குளிர் அறை கட்டினாள். சுவரும் கதவும் வேறொரு ஆள் வேலை. உள்ளே கூரையை ஒட்டித் தொங்கும் கூலர் என் வேலை.

கூலர் என்பது பெரிய மாயமொன்றும் இல்லை. ஒரு நீளப் பெட்டிக்குள் செம்புக் குழாய்கள், அவற்றின் மேல் நெருக்கமாக அலுமினியத் தகடுகள், முன்னால் இரண்டு ஃபேன். அறையின் காற்றை இழுத்துக் குளிர்ந்த குழாய் மேல் ஓடவிட்டுத் திருப்பி அனுப்பும். நான் மாட்டினால் மட்டம் பார்த்து மாட்டுவேன். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் காற்று நுழைய இடம் விடுவேன். தண்ணீர் வடியும் குழாய்க்குச் சரிவு வைப்பேன். என் வேலையில் ஒரு குறை இருக்கிறது என்று எவளாவது சொல்லட்டும், வாயைக் கிழித்துவிடுவேன்.

அண்ணி சொன்னாள். அதுவும் எந்த நாளில்? ஒரு பெரிய கடைக்காரர் அவளுடைய அறையைப் பார்க்க வருகிற நாளில். வருஷம் பூராவும் காளான் வாங்கிக்கொள்வார், ஆனால் அறை இரண்டு டிகிரியில் நிற்பதைக் கண்ணால் பார்த்தால்தான் வாங்குவார். அண்ணியின் அறையோ ஏழுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது.

"உன் கூலருக்கு ஜலதோஷம் பிடிச்சிருக்கு, வந்து பாரு" என்று காலையில் போன் வந்தது. "இன்னிக்கும் அது இறங்கலைன்னா நான் கொட்டகையை மூடிட்டு உன் வீட்டு வாசல்ல வந்து உக்காந்துடுவேன்."

அந்த மிரட்டலின் இரண்டாவது பாதிக்குப் பயந்து உடனே கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால் கூலர் முழுக்க ஐஸ். தகடுகளே தெரியவில்லை, வெள்ளைச் சுவர் மாதிரி இருந்தது. அதன் வழியாகக் காற்று எப்படிப் போகும்? தண்ணீர் விட்டு உருக்கினேன். தானாக ஐஸை உருக்குகிற ஹீட்டரைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. கேஸ் சரி, ஃபேன் சரி, வடிகுழாய் சரி. அப்படியானால் எங்கிருந்தோ ஈரக்காற்று உள்ளே வருகிறது. கதவு ரப்பரைச் சந்தேகப்பட்டேன். கதவு இன்னும் இறுக்கமாக உட்காரட்டும் என்று வெளித் தாழ்ப்பாளின் கொக்கியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி முறுக்கிவிட்டு, கூலரை ஓடவிட்டு, கதவுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். திருடன் வந்தால் பிடித்துவிட வேண்டியதுதான்.

அண்ணியின் கணவர் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவரை நான் அண்ணன் என்பேன். அதிர்ந்து பேசாத மனிதர், வீட்டில் பேச்சு முழுவதையும் அண்ணியே பார்த்துக்கொள்கிறாள். தோளால் கதவைத் தள்ளினார். பிறகு கீழே பார்க்காமலேயே, காலால் ஒரு மரக்கட்டையைக் கதவிடுக்கில் தள்ளினார். பழகின கால், ஒரே தள்ளில் சரியாகப் போய் உட்கார்ந்தது. உள்ளே நின்று நிதானமாகத் தட்டுகளைத் தரம் பிரித்து அடுக்கினார். அவ்வளவு நேரமும் கதவு ஒரு கை அகலத்துக்குத் திறந்தே கிடந்தது. வெளிக்காற்று முழுவதும் விருந்தாளி மாதிரி உள்ளே போய்க்கொண்டிருந்தது. மதியம் வரைக்கும் இதே கதைதான், கூலரில் மறுபடியும் ஐஸ் பிடிக்க ஆரம்பித்துவிட்டது.

"அண்ணி!" என்று கத்தினேன். "ஜலதோஷம் என் கூலருக்கு இல்ல, உங்க வீட்டுக்காரருக்கு!"

அண்ணி வந்து கட்டையைப் பார்த்தாள். அண்ணன் திருட்டுப்பூனை மாதிரி நின்றார்.

"என்னங்க இது?"

"உள்ள இருக்கறப்ப கதவு சாத்திக்கிட்டா எனக்கு ஒரு மாதிரி ஆயிடும்" என்றார் அண்ணன். "முன்னாடி மீன் கோடவுன்ல வேலை பாத்தேன்ல, அங்க ஒரு தடவை ஐஸ் ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டேன். தட்டுனேன், யாரும் வரல."

"எவ்வளவு நேரம்?" என்றேன்.

"தெரியல. எனக்கு ஒரு நாள் மாதிரி இருந்துச்சு."

அண்ணி சிரித்துவிட்டாள். சேர்ந்து நானும் சிரித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதவில் உள்பக்கம் பச்சை நிறத்தில் ஒரு குமிழ் இருக்கிறது. தள்ளினால் உள்ளே ஒரு கம்பி போய் வெளித் தாழ்ப்பாளைத் தூக்கிவிடும். குழந்தைகூடத் திறக்கலாம். இதைச் சொன்னால் அண்ணன் தலையாட்டினார், ஆனால் முகம் நம்பவில்லை.

"வாய்ல சொன்னா நம்ப மாட்டாரு, செஞ்சு காட்டணும்" என்றேன். "நான் உள்ள போறேன். நீங்க தாழ்ப்பாள் போடுங்கண்ணே."

"நானும் வர்றேன்" என்றாள் அண்ணி. "நீ மட்டும் போனா, தொழில் தெரிஞ்சவ, ஏதோ வித்தை பண்ணிட்டான்னு நினைப்பாரு. நான் தொறந்தாத்தான் அவருக்குத் தைரியம் வரும்."

உள்ளே போகும்போது நான் ஒரு வார்த்தை சொன்னேன். என் வாயில் சனி உட்கார்ந்து சொல்லவைத்த வார்த்தை அது. "அண்ணே, நாங்க தட்டினாலும் தொறக்காதீங்க. பாவம்னு நீங்க தொறந்துட்டா சோதனையே வீணாப் போயிடும்."

கதவு சாத்திக்கொண்டது, தாழ்ப்பாள் விழுந்தது. அண்ணி ராணி மாதிரி ஒரு விரலால் குமிழைத் தள்ளினாள். குமிழ் போனது. கதவு போகவில்லை.

"உள்ளங்கையால தள்ளுங்க" என்றேன். தள்ளினாள். நான் தள்ளினேன். இருவரும் சேர்ந்து தள்ளினோம். குமிழ் கடைசி வரைக்கும் போய் முட்டியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் கொக்கியை உள்ளே தள்ளி முறுக்கினேன் இல்லையா, தாழ்ப்பாள் இப்போது ஆழமாக விழுகிறது, அதைத் தூக்கக் கம்பி எட்டவில்லை. தாழ்ப்பாளை மாற்றினால் குமிழைச் சோதிக்க வேண்டும் என்பது இந்த வேலையில் பால பாடம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் ஸ்பானர் வைத்துச் செய்திருந்தேன்.

அண்ணியிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அறை இன்னும் ஒரு டிகிரி இறங்கியிருக்கும்.

கதவைத் தட்டினோம், இடித்தோம். வெளியே அண்ணன் சொன்ன சொல் தவறாத உத்தமராக நின்றிருந்தார். கத்தினோம். உள்ளே இரண்டு ஃபேன் இரைச்சல், வெளியே கதவுக்குப் பக்கத்திலேயே கம்ப்ரசர் இரைச்சல், நடுவில் தடித்த சுவர். பக்கத்தில் நின்ற அண்ணிக்கே நான் தொண்டை கிழியக் கத்தினால்தான் கேட்டது. போன் இரண்டும் வெளியே மேஜை மேல் இருந்தன.

"ஃபேனை நிறுத்து! சத்தம் கேக்கட்டும்!" என்றாள் அண்ணி.

"சுவிட்ச் வெளிய இருக்கு! வேணும்னா பக்கத்து மூடியைக் கழட்டி ஃபேன் மேல வர்ற ஒயரைப் பிடுங்கிடலாம். பையில டெஸ்டர் இருக்கு. ஷாக் அடிச்சாலும் அடிக்கும். ஆனா பிடுங்கிட்டா உடனே திருப்பி ஓட்ட முடியாது!"

அண்ணி கூலரைப் பார்த்தாள். தன் காளான் தட்டுகளைப் பார்த்தாள். கடைக்காரர் வருகிற நேரம்.

"தொடாத" என்றாள். "அவர் வந்து பாக்கறப்ப ரூம் சூடா இருந்தா என் பொழப்பு போச்சு. நான் விறைச்சுச் செத்தாலும் பரவாயில்ல, அது ஓடட்டும்."

எனக்கு அவள் மேல் எப்போதும் எரிச்சல்தான், ஆனால் அந்த நிமிஷம் மரியாதை வந்துவிட்டது. "சாக மாட்டோம்" என்றேன். "கூலர் ஓய்வெடுக்கிற நேரம் ஒண்ணு இருக்கு. ஐஸ் உருகறதுக்காக அதுவே ஃபேனையும் கம்ப்ரசரையும் நிறுத்திடும். காலையில நான்தான் நேரம் வெச்சேன். கொஞ்ச நேரத்துல வந்துடும். அப்ப கத்தலாம்."

எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே ஜாக்கெட், அதுவும் அண்ணி மேல். என் பல் தந்தி அடிப்பதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். பிறகு ஜிப்பை இறக்கி, ஒரு பக்கத்தை விரித்து, "வந்து தொலை" என்றாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் நாங்கள் ஒட்டி நின்றது போட்டோவுக்கு மட்டும்தான்.

"அவரு அன்னிக்கு இப்படித்தான் நின்னிருப்பாரு, இல்ல?" என்றாள் திடீரென்று, என் காதருகே கத்தி. "தனியா. ஜாக்கெட் இருந்துச்சோ இல்லையோ. நான் சிரிச்சேன் பாரு."

எனக்கும் அதே நினைப்புத்தான், வெட்கமாக இருந்தது.

அண்ணியால் சோகமாக ரொம்ப நேரம் இருக்க முடியாது. உடனே என் பக்கம் திரும்பிவிட்டாள். வேலை சுத்தம் பற்றி நான் அடிக்கும் பெருமை, வீட்டுக்குப் போன் பண்ணாத குறை, தன் தம்பியை நான் இளைக்கவிட்டது என்று வரிசையாக எடுத்துவிட்டாள். நானும் சளைக்கவில்லை. ஃபேன் இரைச்சலுக்கு மேல் கத்த வேண்டியிருந்ததால் சாதாரணப் பேச்சே தெருச்சண்டை மாதிரி ஆனது. கடைசியில் பத்திரமாக வைத்திருந்ததை எடுத்து வீசினேன்.

"உங்க தம்பியைப் பத்திப் பேசாதீங்க! அவரே உங்களை..."

டக்கென்று ஃபேன் நின்றது. கம்ப்ரசரும் நின்றது. உலகமே வாயை மூடிக்கொண்ட மாதிரி அமைதி. நான் மட்டும் மூடவில்லை.

"...ஓணான்னுதான் சொன்னாரு!"

வெளியே ஓர் ஆண் குரல் தெளிவாகக் கேட்டது. "உள்ள யாரோ ஓணான்னு சொல்றாங்களே?" அது அண்ணன் குரல் இல்லை.

"என்னங்க!" அண்ணி கதவின் மேல் விழுந்தாள். "தொறக்கல! நிஜமாவே தொறக்கல!"

அவள் வாய் மூடுவதற்குள் கதவு திறந்துவிட்டது. அண்ணனின் கை அவ்வளவு நேரமும் தாழ்ப்பாள் மேலேயே இருந்திருக்கிறது. முகம் வெளுத்துப் போயிருந்தது. "முதல் தடவை தட்டினப்பவே கை தாழ்ப்பாளுக்குப் போச்சு" என்றார் என்னைப் பார்த்து. "நீதானேம்மா தொறக்காதீங்கன்ன."

அவருக்குப் பின்னால், கையில் தெருமுனைக் கடை டீ டம்ளரோடு, கடைக்காரர். ஒரே ஜாக்கெட்டுக்குள் இரண்டு தலைகளைப் பார்த்து அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது.

"தரம் பாக்க உள்ள போனோம்" என்றாள் அண்ணி, நீல உதடுகளோடு.

"நான் வந்ததிலிருந்து இதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார் அவர், கதவுக்கு மேலிருந்த எண்களைக் காட்டி. "ஏழு, ஆறுன்னு இறங்கி இரண்டுக்கு வந்து அப்படியே நின்னுச்சு. உள்ள இரண்டு ஆள் சூடு இருந்தும் ஏறல. நாளை மறுநாள்லேர்ந்து சரக்கு அனுப்பிடுங்க."

கட்டை இல்லாமல் அந்தக் கதவு இவ்வளவு நேரம் சாத்தியே இருந்தது அன்றுதான் முதல் முறை. அண்ணி என் கையை எலும்பு நொறுங்கப் பிடித்தாள். சந்தோஷத்திலா, ஓணானுக்காகவா என்று நான் கேட்கவில்லை.

அவர் போனதும் கம்பியை நீளமாக்கி, அண்ணி கண் முன்னாலேயே பல தடவை திறந்து காட்டினேன். உள்ளே கைக்கெட்டும் உயரத்தில் ஒரு பொத்தானும் வெளியே அவள் மேஜைக்கு மேல் ஒரு மணியும் மாட்டினேன். மணி அவள் கேட்டது. "எனக்குக் கேக்கணும், நான் எங்க இருந்தாலும் கேக்கணும்" என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

பிறகு அண்ணன் உள்ளே போனார். யாரும் போகச் சொல்லவில்லை. கட்டையைக் குனிந்து எடுத்து அண்ணி கையில் கொடுத்துவிட்டுப் போனார். கதவு சாத்திக்கொண்டது, நான் தாழ்ப்பாளைப் போட்டேன். அண்ணி கட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். என் வாழ்க்கையில் அவள் பேசாமல் நின்றதை அப்போதுதான் பார்த்தேன். தாழ்ப்பாள் தானாக எழும்பியது, அண்ணன் வெளியே வந்தார், குளித்துவிட்டு வந்த குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு.

அந்தக் கட்டை இப்போது ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் இருக்கிறது. என் கூலரில் ஐஸ் பிடிப்பதில்லை. அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டே வேலை செய்கிறார், தினமும் ஒரு தடவையாவது மணி அடிக்கிறார். அண்ணி கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப் போய்க் கதவைத் திறப்பாள். உள்ளேயிருந்து அவர் எட்டிப் பார்த்து, "டீ இருக்கா?" என்பார்.

"டீ கேக்கறதுக்கா மணி?" என்று அவள் போடுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். நேற்று நான் அங்கே இருந்தபோதும் மணி அடித்தது. "டீக்காத்தான் இருக்கும், உக்காருங்க அண்ணி" என்றேன். அதைக் கேட்க அங்கே அவள் இல்லை, பாதி வழி ஓடிவிட்டாள்.