மக்காச்சோளத்தில் கரும்பச்சை வட்டங்கள்

உழவின்போது தான் ஓட்டிய டிராக்டரின் முன்சக்கரம் முழுசாக மண்ணுக்குள் இறங்கிய நாளிலிருந்து, அக்கா தங்கை இருவரில் பெரியவள் அதைத் தொடவேயில்லை. "பார்த்து ஓட்டியிருக்கணும்" என்று அவள் கணவர் ஒரு தடவைதான் சொன்னார். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. கூலிக்கு ஆள் வைத்து ஓட்டினார்கள்.

அவளுடைய தங்கைக்கு ட்ரோன் பறக்கவிட்டு நிலம் அளக்கும் வேலை. அக்கா வீட்டுப் புது மாட்டுக்கொட்டகைக்கு இடம் அளக்க வந்திருந்தாள். மழை ஏமாற்றியதில் மக்காச்சோளம் வெளுத்துப்போயிருந்தது.

சமையலறை மேசையில் மூவரும் மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ட்ரோன் எடுத்த படத்தில், வெளிறிய வயலில் அங்கங்கே கரும்பச்சை வட்டங்கள்.

"உரம் கொட்டிட்டீங்களா அத்தான்?"

"நான் என்ன கண்ணை மூடிக்கிட்டா தூவினேன்?"

தங்கை படத்தைப் பெரிதாக்கினாள். "அப்போ இதெல்லாம் பழைய குழிங்க. எந்தக் காலத்துலயோ சரளைக்கல் தோண்டி எடுத்துட்டு மண்ணைத் தள்ளி மூடியிருக்காங்க. உள்ள இன்னும் இறுகலை. அதுல ஈரம் தங்குறதால அங்க மட்டும் பயிர் செழிப்பா நிக்குது."

பெரியவள் ஒரு வட்டத்தின் மேல் விரலை வைத்தாள். "சக்கரம் இறங்கினது இங்கதான்."

அதற்குப் பக்கத்தில், வயலோரமாக இருந்த வட்டத்தில்தான் கொட்டகைக்கு முளை அடித்திருந்தார்கள்.

கணவர் எழுந்து கடப்பாரையோடு வெளியே போனார். முளைகளுக்கு நடுவே குத்தியதும் அது வெண்ணெயில் இறங்குவதுபோல் அவர் பிடித்திருந்த இடம்வரை போனது. வட்டத்தைத் தாண்டிக் குத்தினார். கல்லில் பட்டு ணங்கென்றது.

"தப்பு உன் மேல இல்லை" என்றார், பின்னாலேயே வந்திருந்த மனைவியிடம். "வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

"ஒரு தடவைதானே சொன்னீங்க."

"நீ அதையே தினமும் கேட்டிருப்பே."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

கெட்டியான தரையில் முளைகளை மாற்றி அடித்தார்கள். அஸ்திவாரத்துக்குக் கல் ஏற்றிவர வேண்டியிருந்தது. அவர் டிராக்டர் சாவியை மனைவியிடம் நீட்டினார்.

"பக்கத்துல உக்காந்துக்கிட்டு வாயைத் திறக்கக் கூடாது" என்றாள்.

"திறந்தா இறக்கி விட்டுடு."

தங்கை வயலோரமாக முன்னால் நடந்து வட்டங்களின் ஓரத்தில் குச்சி நட்டுக்கொண்டே போனாள். டிராக்டர் அவற்றைச் சுற்றி நிதானமாக வளைந்து வந்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து நிலத்துக்காரர் கையை ஆட்டினார்.

"எங்க வயலையும் ஒரு தடவை மேலேருந்து பாரும்மா. போன வருஷம் எங்க மாடு ஒண்ணு இப்படித்தான் மண்ணுக்குள்ள காலை விட்டுடுச்சு."

"நாளைக்கு வரோம்" என்று டிராக்டரிலிருந்து பெரியவளே பதில் சொன்னாள்.