கிளென்ஃபீல்ட் வகுப்பு

ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில் பகுதியில் இருக்கும் இந்திய மளிகைக் கடையின் கண்ணாடியில், பரதநாட்டியம் கற்றுத்தரப்படும் என்று அகில் ஒரு தாள் ஒட்டியிருந்தான். அதைப் பார்த்து முதலில் போன் செய்த பெண், "மேடம்கிட்ட பேசணும்" என்றாள்.

"நான்தாங்க சொல்லித் தர்றேன்" என்றான் அகில்.

"உங்க வைஃப்னு நினைச்சேன். அவங்களும் டான்ஸரா?"

"இல்லைங்க. அவங்க நர்ஸ்."

"அப்படியா. வீட்ல கேட்டுட்டுக் கூப்பிடறேன்."

கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு பேசியவர்களும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள். யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. ஒருவர் மட்டும், வளர்கிற பெண்ணுக்கு லேடி டீச்சர் என்றால்தான் வசதி என்று வெளிப்படையாகச் சொன்னார். அகில் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் பல வருஷம் நடன ஆசிரியராக இருந்தவன் அவன். அங்கேயும் ஆரம்பத்தில் இப்படித்தான் இருந்தது. ஆனால் அங்கே அவனை வேலைக்கு வைத்தது பள்ளிக்கூடம். பெற்றோர் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். இங்கே அவனுக்காகப் பேச ஒருவரும் இல்லை. அஸ்வினிக்கு ஆக்லாந்தில் மருத்துவமனை வேலை கிடைத்து, அவளோடு வந்தவன். எந்த வேலையும் பார்க்க அவன் விசா இடம் கொடுத்தது. அவனுக்குத் தெரிந்த வேலைதான் கிடைக்கவில்லை.

ஒரு நாள் அவன் குளித்துக்கொண்டிருந்தபோது வந்த போனை அஸ்வினி எடுத்தாள். "டீச்சரா?" என்று கேட்ட குரலுக்கு "ஆமா" என்று சொல்லிவிட்டாள். அந்த வாரம் வந்த மற்ற போன்களையும் அவளே எடுத்துப் பேசினாள். அகிலிடம், "சனிக்கிழமை நாலு பேர் வர்றாங்க" என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை காலையில் அகில் வாடகைக்கு எடுத்திருந்த சர்ச் ஹாலுக்கு முன்னதாகவே போய்த் தரையைத் துடைத்தான். தாளம் தட்டும் கட்டையையும் கழியையும் எடுத்து வைத்தான். அம்மாக்கள் பெண் குழந்தைகளோடு வந்து சேர்ந்த நேரத்தில் அஸ்வினியும் நைட் ஷிஃப்ட் முடிந்து நேராக அங்கே வந்தாள். வந்தவர்களில் மூத்தவரான அம்புஜம் அவளைப் பார்த்ததும், "போன்ல பேசினோமே மேடம்" என்று சிரித்தபடி கிட்டே போனார். அவர் மகள் குனிந்து அஸ்வினியின் காலைத் தொடப் போனாள். அஸ்வினி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"டீச்சர் நான் இல்லைங்க. இவர்தான்."

கழியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அகிலுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது.

"அன்னைக்கு நீங்கதானே டீச்சர்னு சொன்னீங்க?" என்றார் அம்புஜம்.

"சொன்னேன். நேர்ல வந்து இவர் சொல்லித் தர்றதைப் பார்த்தா ஒத்துப்பீங்கன்னு நினைச்சேன்."

"ஆம்பளை டீச்சரா பொம்பளை டீச்சரா, அதை விடுங்க. முதல் நாளே பொய் சொன்னா, உங்களை நம்பிப் பிள்ளையை எப்படி விட்டுட்டுப் போறது?"

அகில் முன்னால் வந்தான். "நீங்க சொல்றது சரிங்க. மன்னிச்சிடுங்க. போயிட்டு வாங்க."

எல்லோரும் போய்விட்டார்கள். வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகு அகில், "எனக்காகத்தான் நீ பண்ணேன்னு தெரியும்" என்றான். "ஆனா இனிமே இந்த ஏரியால யாரு என்கிட்ட பிள்ளையை அனுப்புவாங்க?"

"தப்புதான்" என்றாள் அஸ்வினி. "நான் வேலைக்குக் கிளம்பும்போது நீ சோபால உக்காந்து தொடையில தாளம் போட்டுட்டு இருக்கே. திரும்பி வரும்போதும் அப்படியே இருக்கே. என்னால அதைப் பார்க்க முடியல, அகில்."

திங்கட்கிழமை அவன் மளிகைக் கடைக்குப் போய் அந்தத் தாளைக் கிழித்தான். அந்த மாதமே த்ரீ கிங்ஸில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் சாமான் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தான். வேலை கஷ்டமாக இல்லை. கூட இருந்தவர்களும் நல்லவர்கள். ஆனாலும் ஆள் இல்லாத வரிசையில் டப்பாக்களை அடுக்கும்போது, வாய் தானாக ஜதி சொல்லிக்கொண்டிருக்கும்.

கிளென்ஃபீல்டில் கஜானி என்ற யாழ்ப்பாணத்துப் பெண் பல வருஷமாக நடனப் பள்ளி நடத்துகிறார் என்று வந்த புதிதிலேயே கேள்விப்பட்டிருந்தான். தனியாக வகுப்பு ஆரம்பிக்கிற எண்ணத்தில் இருந்ததால் அவரிடம் போய் வேலை கேட்கக் கூச்சப்பட்டான். இப்போது அந்தக் கூச்சத்துக்கு அர்த்தமில்லை. லீவு நாளில் கடல்மேல் செல்லும் பாலம் தாண்டிப் போய் அவரைப் பார்த்தான்.

கஜானி அதிகம் கேட்கவில்லை. "ஒரு வகுப்பு எடுங்கோ, பாப்பம்" என்று சொல்லி மூலையில் உட்கார்ந்துகொண்டார். வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு, "வடிவாப் படிப்பிக்கிறியள். என்னைவிடப் பொறுமை கூட" என்றார். "ஆனா இப்ப எனக்கு ஆள் தேவையில்லை. தேவைப்பட்டாலும் முதல்ல தாய்மாரோட கதைக்கோணும். உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை."

"புரியுதுங்க. இன்னொண்ணும் சொல்லிடறேன்." அந்தச் சனிக்கிழமை சர்ச் ஹாலில் நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னான்.

"அது எனக்கும் காதில விழுந்தது" என்றார் கஜானி. "நீங்களாச் சொல்லுறியளோ எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான்."

குளிர்காலத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. வகுப்பில் ஆடிக்காட்டும்போது குதிகாலுக்கு மேலே தசைநார் அறுந்து, அறுவை சிகிச்சை நடந்திருந்தது. "இந்த டேர்ம் முழுக்க எனக்கு எழும்ப ஏலாது. பெரிய பிள்ளையளின்ர சனிக்கிழமை வகுப்பை எடுப்பியளோ? தாய்மாருக்குச் சொல்லிப்போட்டன். சிலபேருக்கு விருப்பமில்லை. மிச்சப்பேர் பாப்பம் எண்டினம்."

அகில் சம்மதித்தான். கூடவே தானும் சிலது சொன்னான். ஹால் கதவு திறந்தே இருக்க வேண்டும். எந்தப் பெற்றோரும் எப்போதும் உள்ளே வந்து உட்காரலாம். பிள்ளைகளைத் தொட்டுத் திருத்த மாட்டான்.

"தொடாமல் என்னெண்டு அரைமண்டி திருத்துவியள்?"

"தெரியலைங்க. ஏதாவது வழி பண்றேன்."

திருச்சியில் பிள்ளைகளின் தோளைப் பிடித்து நிமிர்த்துவான். முட்டியைக் கையால் வெளியே தள்ளி விரிப்பான். இங்கே எல்லோரையும் சுவரோடு முதுகை ஒட்டி நிற்க வைத்து, முட்டிகளை வெளிப்புறமாக மடக்கி, அப்படியே வழுக்கிக்கொண்டு அரைமண்டிக்கு இறங்கச் சொன்னான். அப்போது வளைந்த முதுகு அவரவருக்கே தெரிந்தது. இரண்டிரண்டு பேராக நிற்க வைத்து, ஒருத்தி ஆடும்போது மற்றவளைத் தப்புப் பார்க்கச் சொன்னான். அவன் ஆங்கிலத்தைக் கேட்டு முதல் வாரம் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். மூன்றாம் வாரம் 'அகில் சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

வகுப்பிலேயே நன்றாக ஆடியவள் பதின்மூன்று வயது திக்‌ஷா. அவள் அம்மா பிரமிளா, கிளென்ஃபீல்ட் மாலில் ஒரு துணிக்கடையில் வேலை செய்த ஃபிஜி இந்தியப் பெண். முன்னோர்கள் தமிழர்கள், அவளுக்குத் தமிழ் வராது, எல்லாம் ஆங்கிலம்தான். ஒவ்வொரு வாரமும் கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்து வகுப்பு முழுவதையும் பார்ப்பாள். நவராத்திரி விழாவில் திக்‌ஷா தனியாக ஆடப்போகிறாள் என்று கஜானி முன்பே முடிவு செய்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை, திக்‌ஷா வலது காலை மட்டும் மெதுவாகத் தட்டுவதை அகில் கவனித்தான். அரைமண்டியில் உட்காரும்போது முகத்தில் ஒரு சுருக்கம் வந்து மறைந்தது. தாளத்தை நிறுத்தினான்.

"எங்கே வலிக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"ஒன்றுமில்லை, சார்."

"எங்கே?"

முட்டிக்குச் சற்றுக் கீழே, எலும்பு புடைத்திருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். எப்போதிலிருந்து என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினாள். போன வருஷத்திலிருந்து இருக்கலாம் என்றாள்.

"போய் உட்கார். இன்றைக்கு ஆட வேண்டாம்."

பிரமிளா எழுந்து வந்தாள். "இவள் எப்போதும் இப்படித்தான் சொல்வாள். கொஞ்சம் ஆடினால் சரியாகிவிடும். கஜானி மிஸ் நிறுத்தவே மாட்டார்."

"பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். அவர் சரி என்று சொன்னால் ஆட வைக்கிறேன்."

"நவராத்திரிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது."

"தெரியும்."

"நீங்கள் இந்த ஒரு டேர்முக்கு மட்டும் வந்தவர்" என்றாள் பிரமிளா.

"ஆமாம்" என்றான் அகில். அவள் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மற்ற பிள்ளைகள் அவன் முகத்தைப் பார்த்தபடி நின்றார்கள். வகுப்பைத் தொடர்ந்தான்.

அங்கிருந்து சூப்பர்மார்க்கெட்டுக்குக் காரில் போகும்போது, வேலை போய்விட்டது என்றே நினைத்தான். பார்க்காத மாதிரி இருந்திருக்கலாம். அந்தப் பெண்ணே ஒன்றுமில்லை என்றுதான் சொன்னாள். கஜானி கேட்டால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தான். எப்படி யோசித்தாலும் பிரமிளாவிடம் சொன்னதையேதான் சொல்ல வேண்டியிருந்தது.

சாயங்காலம் கஜானி போன் செய்தார். "பிரமிளா போன் எடுத்தவ. நல்ல கோவம்."

"முட்டி சரியாகற வரைக்கும் என்னால அவளை ஆட வைக்க முடியாதுங்க. வேற யாரையாவது வெச்சு..."

"பொறுங்கோ. நான் இன்னும் கதைச்சு முடிக்கேல்லை" என்றார் கஜானி. "நோகுது எண்டு அந்தப் பிள்ளை என்னட்டையும் சொன்னவள். எல்லாருக்கும் நோகிறதுதானே எண்டு நான் விட்டுட்டன். எனக்கும் குதிக்கால் கனநாளா நொந்தது. நிப்பாட்டு எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. நானும் நிப்பாட்டேல்லை. இப்ப காலைத் தூக்கித் தலகாணியில வைச்சுக்கொண்டு கிடக்கிறன்."

"அப்ப திக்‌ஷா?"

"நீங்கள் சொன்னதுதான். பிரமிளாவோட நான் கதைக்கிறன்."

அடுத்த வாரம் திக்‌ஷா வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தாள். வளரும் வயதில் எலும்பில் வருகிற கோளாறு, இந்த டேர்மில் குதிக்கவோ காலைத் தட்டவோ கூடாது என்று பிசியோ சொல்லியிருந்தார். பிரமிளா தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். திக்‌ஷா சுவரோரமாக நின்று மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் கண் கலங்கிவிட்டது.

அகில் வகுப்பை நிறுத்தி அவளைக் கூப்பிட்டான். "உட்கார்ந்துகொண்டே ஆடலாம். முகமும் கையும் போதும்."

"அது வயதானவர்கள் ஆடுவது" என்றாள் திக்‌ஷா.

அகில் ஒரு காலை மடித்து, மற்ற முட்டியை உயர்த்தித் தரையில் உட்கார்ந்தான். பாட்டு எதுவும் போடாமல் முகத்தாலும் கையாலும் ஒரு கதை சொல்ல ஆரம்பித்தான். ஒரு பெண் பூக் கட்டிக்கொண்டிருக்கிறாள். வாசலில் காலடி கேட்கிறது. காதலன்தான் என்று முகம் மலர்கிறது; உடனே, இவ்வளவு தாமதமாக வந்தவனை எதற்குப் பார்க்க வேண்டும் என்று குனிந்துகொள்கிறாள். காலடி வாசலைத் தாண்டிப் போய்விடுகிறது. வேறு யாரோ. அவள் மறுபடி பூவை எடுக்கிறாள், ஆனால் கட்டவில்லை.

இந்த ஊருக்கு வந்த பிறகு அவன் மனிதர்கள் முன்னால் அபிநயம் செய்தது அதுதான் முதல் தடவை. செய்து முடித்து நிமிர்ந்தபோது பிள்ளைகள் யாரும் அசையவில்லை. பிரமிளா கைப்பையை மடியில் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை செய்யுங்கள்" என்றாள் திக்‌ஷா, அவன் எதிரே உட்கார்ந்துகொண்டு.

நவராத்திரி விழாவில் திக்‌ஷா மேடையில் உட்கார்ந்தபடியே, அதே காட்சி வரும் ஒரு காதல் பதத்துக்கு அபிநயம் செய்தாள். நடுவில் பதற்றத்தில் கொஞ்சம் அவசரப்பட்டாள். தாளம் போட்ட அகில் அவளைப் பார்த்துத் தலையசைத்ததும் நிதானத்துக்கு வந்துவிட்டாள். காலடி தாண்டிப் போன இடத்தில் முன்வரிசையில் யாரோ "அடடா" என்றது அவனுக்கும் கேட்டது. விழா முடிந்ததும் பிரமிளா வந்தாள். "எப்போது எழுந்து ஆடலாம் என்று நீங்களே இவளுக்குச் சொல்லுங்கள். பிசியோ சொன்னால் கேட்கமாட்டாள்" என்றாள்.

டேர்மின் கடைசி வகுப்புக்குக் கஜானி ஊன்றுகோலோடு வந்து உட்கார்ந்து பார்த்தார். பிள்ளைகள் போன பிறகு அகில் ஹால் சாவியை அவரிடம் நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"சனிக்கிழமை வகுப்பை இனி நான் பாக்கிறன். செவ்வாய், வியாழன் ரெண்டு நாளும் சின்னப் பிள்ளையள். அது உங்களுக்கு. ஒரு டேர்முக்கு மட்டுமில்லை."

"அம்மாக்கள் ஒத்துக்குவாங்களா?"

"ரெண்டு பேர் பிள்ளையளை நிப்பாட்டிப்போட்டினம். இன்னும் ஆரும் கேட்டா, பதில் சொல்லுறது என்ர வேலை. நீங்கள் படிப்பியுங்கோ."

அவன் வீட்டுக்கு வந்தபோது அஸ்வினி எழுந்து, நைட் ஷிஃப்டுக்குச் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதை முழுசாகக் கேட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நிமிர்ந்து, "செவ்வாய்க்கிழமை எனக்குக் கார் வேணுமே" என்றாள்.

"பஸ்ல போயிடுவேன்."

"ரெண்டு பஸ் மாறணும். பாலத்துல டிராஃபிக் வேற."

"சீக்கிரமே கிளம்பிடறேன்" என்று சொல்லிவிட்டு, அகில் போனை எடுத்து பஸ் நேரம் பார்க்க ஆரம்பித்தான்.