பட்டியலில் சர்க்கரை

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. எங்கள் அலுவலக லிஃப்ட் என்னோடு மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே நின்றுபோனபோது, பழுதுபார்க்க வந்த மெக்கானிக் கதவிடுக்கு வழியாகச் சொன்னது. பயப்படாமல் இருக்கட்டுமே என்று அவர் சொன்னார், நான் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

2

முதல் வரி: ‘ஏறுவதும் இறங்குவதுமே அவர் வாழ்க்கை.’ (அடித்துவிட்டேன். லிஃப்ட் மெக்கானிக்கைப் பற்றி யார் எழுதினாலும் இப்படித்தான் தொடங்குவார்கள்.)

மெக்கானிக் இரண்டு வருடம் மெனக்கெட்டு ஒரு கணினி நிரல் எழுதியிருந்தார். விலை தொடர்ந்து ஏறினால் வாங்கு, திரும்பினால் விற்றுவிட்டு வெளியே வா, அவ்வளவுதான். அதை எந்தெந்தப் பொருளின் சந்தையில் ஓடவிடுவது என்பதில்தான் சிக்கல். போடப்போவதோ, மனைவி சீக்கிரம் வேலையை விடுவதற்காக இருவரும் சேர்த்த பணம். ஆகவே அவர் போட்ட பொருள்களின் பட்டியல் அந்த அம்மாவின் பார்வைக்குப் போனது. அந்த அம்மா, குழந்தைகள் மருத்துவமனையில் நர்ஸ்.

“கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல்... எல்லாம் ஒரே வீட்டு ஆளுங்கதானே? ஒருத்தருக்குச் சளி பிடிச்சா எல்லாரும் தும்முவாங்க. ஒண்ணு போதும்.”

இரண்டு போயின.

“ஓட்ஸ் எதுக்கு?”

“விலை நல்லா ஏறுது.”

“விக்கணும்னா வாங்க ஆள் இருக்கா?”

தேடிப் பார்த்தார். விரல்விட்டு எண்ணிவிடலாம். ஓட்ஸும் போனது.

“சர்க்கரையைச் சேருங்க. அது யாரோடயும் ஒட்டாம தன் வழியில போகுது.”

“டாக்டர் என்னைச் சர்க்கரை பக்கமே போகக் கூடாதுன்னாரே!”

“சர்க்கரை ஏறினா சந்தோஷப்படுற முதல் நோயாளி நீங்கதான். சேருங்க.”

3

அவர் ஜன்னல் வழியே மழையை வெறித்துப் பார்த்தபடி...

(வேண்டாம். அவர் கணினி வைத்திருந்த அறைக்கு ஜன்னலே இல்லையாம்.)

சர்க்கரையில் முதல் மூன்று முறையும் அடி. சின்ன அடிதான், நிரல் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக வெளியே வந்துவிட்டது. நான்காவது முறையும் அது ‘வாங்கு’ என்றபோது மெக்கானிக் மனைவியிடம் போனார்.

“சர்க்கரையை எடுத்துடலாம்மா.”

“எடுங்க. காரணம் சொல்லுங்க. மத்ததோட ஒட்டிக்கிச்சா? வாங்க ஆளில்லையா?”

“மூணு தடவை நஷ்டம்.”

“அது காரணமில்ல, கோபம்.”

இரண்டையும் சரிபார்த்தார். எடுக்க ஒரு காரணமும் அகப்படவில்லை. காதெல்லாம் சிவந்துபோய், வாங்கினார்.

4

பிறகு என்ன ஆனது என்று மெக்கானிக் சொன்னார், நான் சொல்லப்போவதில்லை. சர்க்கரை ஏறுகிற முடிவு ஒன்று, விழுகிற முடிவு ஒன்று, இரண்டையும் எழுதிவைத்திருக்கிறேன். இரண்டிலும் அந்த அம்மா சொன்னதுதான் சரி. அதனால் எனக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை.

நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ஏறட்டும் என்பவர்கள் மட்டும் காரணம் சொல்ல வேண்டும். ‘பாவம் அந்த மனுஷன்’ என்று சொல்லாதீர்கள், அது காரணமில்லை, இரக்கம்.