கொல்லக்கூடாத மாதங்கள்

மிதுலனுக்கு வேட்டைப் பைத்தியம். ஆளைப் பார்த்தால் அப்படிச் சொல்லமுடியாது. லண்டன் கோலியர்ஸ் வுட்டில் வீடு வீடாக வயரிங் வேலை பார்க்கிற, எலிப்பொறி வைக்கவே யோசிக்கிற மனிசன். டென்மார்க்கில் வளர்ந்த காலத்தில் பிடித்த பழக்கம் இது. அதுவும் சுடுகிற துவக்கில்லை, கப்பியோ குறிபார்க்கும் கருவியோ பூட்டாத, வெறும் மரவில்லு. இங்கிலாந்தில் வில்லால் வேட்டையாடச் சட்டம் விடாது. ஆகவே வைகாசி முடிய, தென்னாபிரிக்காவுக்கு முதல் பெரிய வேட்டைப் பயணம்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவனும் கூட்டாளி பிரவீணனும் சாப்பாட்டு மேசையில் திட்டத்தைப் பரப்பிக்கொண்டு இருந்தார்கள். செலவைக் குறைக்கிற வித்தையெல்லாம் மிதுலனுக்கு அத்துப்படி. ஒரு வழிகாட்டியை இரண்டு பேர் பங்குபோடுவது, எருமை சிங்கம் என்று ஆசைப்படாமல் இம்பாலா மானோடும் காட்டுப்பன்றியோடும் நிற்பது, இறைச்சியைப் பண்ணைக்காரருக்கு விட்டு, கொம்பையும் தோலையும் மறந்து, ஒரு படத்தோடு திரும்புவது. தன் கல்யாணவீட்டுக்குக்கூட இவன் இவ்வளவு யோசித்ததில்லை.

அடுப்படியில் அவன் மனைவி அஜந்தா வடை சுட்டுக்கொண்டிருந்தாள். கை எண்ணெய்ச் சட்டியில், காது முழுக்க மேசையில். அவளுக்கு வயிற்றில் இரண்டு மாதம் ஆகப்போகிறது. அது அவளுக்கும், சோதித்த பட்டியை எறிந்த குளியலறைக் குப்பைக்கூடைக்கும் மட்டுந்தான் தெரியும்.

மனைவி பிள்ளைத்தாச்சியாக இருக்கும்போது புருசன் ஓர் உயிரைக் கொல்லக்கூடாது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. எப்படியோ எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

இரண்டு வருசத்துக்கு முன்பும் இதே மேசை, இதே திட்டம். அப்போது தான் பிள்ளைத்தாச்சி என்று அவள் சொன்னாள். சொன்ன அன்றே மிதுலன் பயணத்தை நிறுத்தினான். பிள்ளை தங்கவில்லை. அவன் ஒரு சொல் சொல்லவில்லை. வில்லைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு ஒரு வருசம் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. வாய்விட்டு ஏசியிருந்தாலாவது அவளுக்கு ஆறியிருக்கும்.

அதனால் இந்தமுறை வாயைத் திறப்பதில்லை, அவன் போய்வரட்டும் என்று முடிவெடுத்திருந்தாள். முடிவெடுத்த நாளிலிருந்து நித்திரை போய்விட்டது. அவன் ஒன்றைக் கொன்றுவிட்டு வந்து, பிறகு இதுவும் தங்காமல் போனால்? அப்புறம் ஆயுளுக்கும் அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மானைத்தானே பார்ப்பாள். மருந்துக்கடையில் வேலை செய்கிறவளுக்கு இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். பயம் என்ன, படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டா வருகிறது?

"எவ்வளவு கிட்டப் போகவேணும் மச்சான்?" பிரவீணன் வடையைக் கடித்தபடி கேட்டான்.

"பதினைஞ்சு மீற்றர். அதுக்கு மேலை நான் அம்பு விடமாட்டன்."

"அவ்வளவு கிட்ட வந்து மான் உனக்கு வணக்கம் சொல்லுமோ?"

"தண்ணி குடிக்க வரும். நாங்கள் மறைப்புக்குள்ளை அசையாமல் இருக்கவேணும்."

"பிழையான இடத்திலை பட்டால்?"

மிதுலனின் குரல் இறங்கியது. "அதுதான் என்ரை பயமும். உடனை பின்னாலை ஓடக்கூடாது. பொறுத்திருந்து, பிறகு இரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் போகவேணும். சொட்டுச் சொட்டாக் கிடக்கும்."

அஜந்தா அடுப்பை நிற்பாட்டிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டிவிட்டு, உடுப்பில் இரத்தம் பட்டிருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றுமில்லை. முகத்தைக் கழுவினாள்.

வெளியே வந்தபோது மிதுலன் கதவடியில் நின்றான். "முகம் ஏன் ஒருமாதிரிக் கிடக்கு? நான் போறது விருப்பமில்லையோ? இருந்தால் சொல்லும்."

"எண்ணெய் மணம் ஒத்துக்கொள்ளேல்லை. நீங்கள் போயிட்டு வாங்கோ," என்றாள். சொன்ன வாயை அடிக்கலாம் போலிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை, பயணத்துக்கு முதல், மிதுலனும் அஜந்தாவும் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போனார்கள். தூரப்பயணம் என்றால் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், அது கேள்வியே இல்லாத வழக்கம். தேங்காய் உடைக்கிற இடத்தில் அவர்களுக்குப் பின்னால் ஒரு பெரியவர் மட்டுந்தான் காத்துநின்றார். மிதுலன் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத் தேங்காயைத் தலைக்குமேல் ஓங்கினான்.

அஜந்தா அவன் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். "உடைக்காதேங்கோ."

அவளே அதை நினைத்துச் செய்யவில்லை. கை தானாகப் போய்விட்டது. பிள்ளைத்தாச்சியின் புருசன் தேங்காயும் உடைக்கமாட்டான். டென்மார்க்கில் தங்கச்சி பிறக்க முதல் மிதுலனின் தாய், தகப்பனைத் தேங்காய்ப் பக்கமே விடவில்லை. அவன் தேங்காயைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கை மெல்லக் கீழே வந்தது.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மாதம் ஆகப்போகுது."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"போனமுறை சொன்னன். பிள்ளையும் போச்சு, உங்கடை பயணமும் போச்சு. இந்தமுறை ஒண்டாவது மிஞ்சட்டும் எண்டு..."

"பயணத்தை நினைச்சோ நான் ஒரு வருசம் பேசாமல் திரிஞ்சன் எண்டு நினைச்சனீர்?" அவன் குரல் உடைந்தது. "நீர் குளிக்கிற அறையிலை அழுதீர். நான் வேலைக்குப் போற வானுக்குள்ளை இருந்து அழுதன். அந்த வில்லைப் பார்த்தாலே எனக்குப் பிள்ளை ஞாபகம்."

அஜந்தாவுக்கு, இரண்டு வருசமாக ஒரே வீட்டில் என்ன முட்டாள்தனம் இது என்றிருந்தது.

"பிரவீணன் தனியப் போகட்டும்," என்றான்.

"இதுவும் நிக்காட்டில்?"

"நிக்காட்டில் ரெண்டுபேரும் ஒரே இடத்திலை இருந்து அழுவம்."

பின்னால் நின்ற பெரியவர் மெல்லச் செருமினார். மிதுலன் திரும்பித் தேங்காயை அவரிடம் நீட்டினான். "ஐயா, எனக்குப் பதிலா இதை உடைச்சுவிடுவியளோ? எனக்கு ஏலாது."

பெரியவர் அவனுடைய பருத்த தோள்களைப் பார்த்தார். பிறகு அஜந்தாவைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. ஓங்கி ஒரு போடு, தேங்காய் சிதறியது.

"எப்ப பிள்ளை?" என்று கேட்டார்.

பயத்தில் இன்றுவரை அந்தக் கணக்கை மனதுக்குள்கூடப் பார்க்காதவள் அவள்.

"தையிலை, ஐயா," என்றாள்.