பக்கத்து இருக்கை

பழைய விளையாட்டுப் போட்டிச் சீட்டுகளுக்கு விலை சொல்வதுதான் அந்தக் கடைக்காரரின் பிழைப்பு. கிழிந்த பாதியைப் பார்த்தே எந்த ஆட்டம், எந்த வாசல், என்ன விலைக்குப் போகும் என்று சொல்லிவிடுவார். முப்பது வருடத்துக்கு முன்பு பார்வையாளர் கேலரி இடிந்து விழுந்த கால்பந்து ஆட்டத்தின் சீட்டுகளுக்குத்தான் அடிதடி. செத்தவர்களால் வந்த கிராக்கி. அதை அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஒரு காலையில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் கடையேறி வந்தார். கையில் ஒரு செய்தித்தாள் துண்டு. கடைக்காரர் 'அசல்' என்று சான்று கொடுத்து விற்ற சீட்டின் படம் அதில் இருந்தது. 'இடிபாட்டில் உயிர் தப்பியவர் வைத்திருந்தது' என்று கீழே போட்டிருந்தார்கள்.

"இது நாற்பத்திரெண்டாம் நம்பருங்க. அதுக்குப் பக்கத்து இருக்கை, நாற்பத்தொண்ணுலதான் என் பையன் இருந்தான். அந்தத் தப்பிச்சவரை ஒரு தடவை பார்க்கணும் சார்."

சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேஜையில் வைத்தார். அந்த இடிபாட்டில் செத்த மகனின் சட்டையோடு ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு.

கடைக்காரர் பழக்க தோஷத்தில் அதைத் திருப்பி விரலால் தடவினார். கை அப்படியே நின்றது. இருக்கை எண்ணை அச்சு இயந்திரம் அழுத்திய தழும்பு பின்பக்கத்தில் தட்டுப்பட்டது. அவர் விற்றதில் அந்த இடம் வழவழவென்று இருந்தது. நாள்பட்டுத் தேய்ந்திருக்கும் என்று அன்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஐயா, உக்காருங்க. நான் வித்தது போலி. கொண்டுவந்தவன் கதை கட்டியிருக்கான். நானும் நம்பித் தொலைச்சுட்டேன்."

"அப்போ பக்கத்துல யாரு இருந்தா?"

"தெரியாதுங்க."

டிரைவரின் போன் அடித்தது. அவர் மனைவி. "பார்த்தீங்களா?" என்ற குரல் வெளியே கேட்டது. டிரைவர் மேஜையிலிருந்த உறையைப் பார்த்தார். பிறகு, "எதிர்லதான் இருக்கார்" என்று போனை நீட்டினார்.

கடைக்காரர் தலையசைத்து மறுத்தார். அதற்குள் போன் அவர் கையில் இருந்தது.

"தம்பி, நீங்கதானா அது?"

"ஆமாங்கம்மா."

"என்கிட்ட கோவிச்சுக்கிட்டு சாப்பிடாம போயிட்டான். பசியோடவா இருந்தான்?"

"இல்லங்கம்மா. நான் கொண்டுபோனதுல பாதி கொடுத்தேன். சிரிச்சுக்கிட்டே வாங்கிச் சாப்பிட்டான்."

"நீங்க நல்லா இருக்கணும் தம்பி" என்றாள்.

டிரைவர் உறையையும் மேஜையிலிருந்த கடை விசிட்டிங் கார்டு ஒன்றையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். திட்டவில்லை, நன்றியும் சொல்லவில்லை.

அன்று மாலையே கடைக்காரர் போலிச் சீட்டை வாங்கியவரிடம் உண்மையைச் சொன்னார். அந்த ஆள் ஊரெல்லாம் தண்டோரா போட்டான். வியாபாரம் படுத்தது.

மறு வாரம் டிரைவரின் போனிலிருந்து அவர் மனைவி அழைத்தாள்.

"தம்பி, வேற என்ன பேசினான்?"

கடைக்காரர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, சொல்லத் தொடங்கினார்.